கீறலுக்குப் பொன்னாடை

மாண்பமை பெருந்தகையீர்!

பழைய மலிவுப் படங்களுக்குப் புதிய படங்களால் காணிக்கை செலுத்திவரும் இயக்குநர் திலகங்களே! பாழடைந்த கொட்டகையின் நாற்றத்தையும் பன்னீராக்கித் தெளிக்க வல்ல வித்தகர்களே! யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டினால் முதலில் கால்படும் மண்ணாகிய மண்டைதீவிலிருந்து இந்த வாழ்த்துமடலைத் தங்கள் பொற்பாதங்களில் வைக்கிறோம். பெரியோரைக் கௌரவிப்பது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மேளதாளத்தோடு அழைத்து வந்து, மாலை சூட்டி, பொன்னாடை போர்த்து, கண்ணாடிச் சட்டமிட்ட மடலைச் சபை நடுவே வாசித்துக் கையளிப்போம். அதியமானின் தூதாகப் போன ஔவைப்பிராட்டி, தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிப் பார்த்து எவ்வளவு உளமாரப் பாராட்டினாரோ, அவ்வளவு உளமாரத் தங்களைப் பாராட்ட வேண்டும் என்பதே எங்கள் நெடுநாள் அவா.

தாங்கள் துதிக்கும் மூதாதையர் இன்னார் என்று சபையோர் முதலில் அறிய வேண்டும். நியூயோர்க் நகரின் 42 ஆம் வீதியில், பகல் முழுதும் ஓடி நள்ளிரவு கடந்தும் ஓயாத தியேட்டர்கள் இருந்தன. ஒரு ரிக்கற்றுக்கு இரண்டு படம். பெரிய நட்சத்திரத்துக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத தயாரிப்பாளர்கள், பெரிய கொம்பனிகள் காட்டக் கூச்சப்பட்டவற்றைக் காட்டி விற்றார்கள். இரத்தம், சதை, சிறைக்குள் அடைபட்ட பெண்கள், வெறிபிடித்த கார்கள், கல்லறை பிளந்து எழும் பிணங்கள் எல்லாம் அங்கே விலைபோயின. ரோஜர் கோர்மன் 1960 இல் வந்த ‘த லிட்டில் ஷொப் ஒஃப் ஹொரர்ஸ்’ படத்தின் பெரும்பகுதியை, ஏற்கெனவே போட்டுக் கிடந்த செற்றில், இரண்டே நாளில் எடுத்து முடித்தார். பம்பாயில் ராம்சே சகோதரர்கள் 1970களிலும் 80களிலும் பேய்ப்படம் எடுப்பதைக் குடும்பத் தொழிலாகவே நடத்தினார்கள். சேலத்து மொடர்ன் தியேட்டர்ஸ் ஜெய்சங்கரைத் துப்பறியும் சிங்கமாக்கி உலவ விட்டது. ஒளிப்பதிவாளராயிருந்து இயக்குநரான கர்ணன் ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று எடுத்துத் தமிழ்நாட்டுப் பொட்டல்வெளியில் கௌபோய்களைக் குதிரையேற்றினார். கைக்கும் வாய்க்குமாகப் படமெடுத்த இந்த மனிதர்கள் ஒருவருக்காவது தம் படம் கீறுபட வேண்டும், கிழிபட வேண்டும், நடுவில் ஒரு றீல் தொலைய வேண்டும் என்ற உயர்ந்த இலட்சியம் இருந்ததில்லை. அவர்களின் அந்த அறியாமையைப் போக்கவே தாங்கள் அவதரித்தீர்கள்.

முதற்கண் தங்கள் கொடைச் சிறப்பு. முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. மயிலுக்குப் போர்வை ஈந்தான் பேகன். கொடைமடம் என்று அதைப் புலவர்கள் கொண்டாடினார்கள். ஆனாலும் அவ்விருவரும் உயிருள்ளவற்றுக்குத்தான் கொடுத்தார்கள். கீறலுக்குக் கொடுத்த வள்ளல்கள் தாங்கள் மட்டுமே. 2007 ஏப்ரலில் ரொபேர்ட் ரொட்ரிகஸும் குவென்டின் டரண்டினோவும் சேர்ந்து ‘கிரைண்ட்ஹவுஸ்’ என்னும் இரட்டைப் படத்தை வெளியிட்டார்கள். நீளம் மூன்று மணி நேரத்துக்கு மேல். செலவு ஐந்து கோடி டொலருக்கு மேல். அதன் முதற்பாதியாகிய ‘பிளானெற் ரெறர்’, தூசு தும்பு அண்டாத டிஜிற்றல் கமராவில் பளிங்காகப் பிடிக்கப்பட்டது. பளிங்காக இருப்பது பாவம் அல்லவா? ஆகவே கணினியின் முன் வல்லுநர்களை அமர்த்தி, அந்தப் பளிங்கின்மேல் கோடும் கறையும் புள்ளியும் கருகலும் ஏற்றினார்கள்.

இந்தத் திருப்பணியின் அருமை தெரிய வேண்டுமானால், கீறல் முன்பெல்லாம் எப்படி உண்டானது என்று அறிய வேண்டும். ஒரு பிரதி தலைநகரத்தின் பெரிய தியேட்டரில் ஓடி ஓய்ந்து, பட்டினத்துக்கு வந்து, பிறகு கிராமத்துக் கொட்டகைக்கு வந்து சேரும். அதற்குள் புரொஜெக்டரின் வாயில் படிந்த தூசு அதன்மேல் நெடுக்காகக் கோடு இழுத்திருக்கும். ஓரத் துளைகள் கிழிந்திருக்கும். ஓட்டத்தில் படம் அறுந்தால், ஒப்பரேட்டர் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, கிழிந்த இரண்டு மூன்று சட்டங்களைக் கத்தரித்து எறிவார். நுனியைப் பிளேடால் சுரண்டிப் பசை தடவி, மறு நுனியை அதன்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார். கலரியிலிருந்து விசில் பறக்கும். மறுபடி வெளிச்சம் வரும்போது, கதவடியில் நின்ற கதாநாயகன் கண்ணிமைப்பதற்குள் கட்டிலடியில் நிற்பான். நிறமும் அப்படித்தான். வருடங்கள் போகப் போகச் சாயத்தில் நீலம் வெளிறி, வானமும் வயலும் நாயகியின் சேலையும் ஒன்றுபோலச் செவ்வரளி நிறத்துக்கு வந்துவிடும். இவ்வளவையும் வறுமை கூலி வாங்காமல் செய்து கொடுத்தது.

கூலியில்லாத உழைப்பு அநீதி. அந்த அநீதியைத் துடைத்தவர்கள் தாங்கள். வறுமை இலவசமாகச் செய்த வேலையைச் சம்பளம் கொடுத்துச் செய்வித்தீர்கள். ஏழை வீட்டுச் சுவரின் வெடிப்பை, அரண்மனைச் சுவரில் பொற்கொல்லரைக் கொண்டு பொளிந்தீர்கள். போட்ட பணத்தில் பாதியளவுகூட அமெரிக்கத் தியேட்டர்களில் வசூலாகவில்லை என்பதும் தங்கள் புகழுக்குக் குறைவாகாது. திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுப்பவன் வணிகன். திரும்பாதென்று தெரிந்தும் கீறலுக்குக் கொட்டிக் கொடுப்பவனே வள்ளல்.

தங்கள் பெருமையை உலகம் உணர, அதே ஆண்டில் காலதேவனே ஓர் ஒப்பீட்டை ஏற்படுத்திக் கொடுத்தான். 2007 மே மாதக் கான் விழாவில், இரட்டைப் படத்தின் மறுபாதியாகிய ‘டெத் புரூஃப்’ நீளம் கூட்டப்பட்டுப் போட்டிப் பிரிவில் வீற்றிருந்தது. அதே விழாவில் மார்ட்டின் ஸ்கோர்செசி, கவனிப்பாரற்றுக் கிடக்கும் பல நாட்டுப் பழம்படங்களைத் தேடி மீட்பதற்கென்று ஓர் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கோர்மனின் நிழலில் 1972 இல் ‘பொக்ஸ்கார் பேர்த்தா’ எடுத்துத் தொழில் பழகியவர் அவர். அப்படிப்பட்ட குருகுலத்தில் வளர்ந்தும், கீறலைத் துடைக்கும் எடுபிடி வேலைக்குப் போய்விட்டார். 2013 இல் எங்கள் நாட்டு லெஸ்டர் ஜேம்ஸ் பீரிசின் ‘நிதானய’ அந்த அறக்கட்டளையின் கையில் அகப்பட்டது. காலம் நாற்பது வருடமாகப் பாடுபட்டு ஏற்றிவைத்த கறையையெல்லாம் இரக்கமில்லாமல் துடைத்துவிட்டார்கள். இன்று அந்தப் படத்தில் ஒளியும் நிழலும் எடுத்தவர் நினைத்தபடியே தெரிகின்றன. இதில் என்ன கலை இருக்கிறது? பழையதைப் பழையபடி ஆக்குவதற்குப் பொறுமையும் பணிவும் இருந்தால் போதும். புத்தம் புதியதைப் பிறக்கும்போதே கிழடாக்குவதற்குத்தான் மேதைமை வேண்டும்.

அடுத்து, தங்கள் பிதிர்பக்தி. பெற்றோர் இருக்கும்போது ஒரு வாய் கஞ்சி வார்க்காத பிள்ளை, செத்தபின் ஆட்டைத் திவசத்துக்கு ஊரைக் கூட்டி வடை பாயசத்தோடு படைப்பதை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறோம். ஆனால் தங்கள் படையலின் பிரமாண்டத்துக்குமுன் அது எம்மாத்திரம்! எட் வூட் என்றொரு மனிதர் ஹொலிவூட்டின் ஓரத்தில் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ‘பிளான் 9 ஃபுறம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்துக்குச் சுமார் 60,000 டொலர் செலவாயிற்று. நடிகர் பேலா லுகோசி 1956 இல் இறந்துவிட்டதால், மிச்சக் காட்சிகளில் வேறொருவர் மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடினார். எட் வூட் 1978 டிசெம்பரில், வாடகை கொடுக்க முடியாமல் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களில், 54 வயதில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து உலகத்தின் மிக மோசமான இயக்குநர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள். 1994 இல் டிம் பேர்ட்டன் அவருடைய வாழ்க்கையைச் சுமார் 1 கோடி 80 இலட்சம் டொலரில் கறுப்பு வெள்ளைக் காவியமாக்கினார். ‘பிளான் 9’ போல் முந்நூறு படம் எடுக்கக்கூடிய பணம் அது. லுகோசியாக நடித்தவருக்கு ஒஸ்கார் கிடைத்தது. வாடகைப் பணம் உரிய காலத்தில் கிடைத்திருந்தால் எட் வூட் இன்னும் இரண்டு மோசமான படம் எடுத்துவிட்டுச் சாதாரணமாக இறந்திருப்பார். காவியம் பிறந்திராது. பொறுத்திருந்து புகழ்ந்த தங்கள் மரபின் தீர்க்கதரிசனத்தை என்னென்பது!

தமிழகமும் இந்தப் பக்தியில் சளைத்ததன்று. 2010 இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்தில் அந்தக் காலத்துக் கௌபோய்களுக்கெல்லாம் சல்யூட் அடித்தார். குதிரைகள் வந்தன, தொப்பிகள் வந்தன, மேற்கத்திய ஊர் ஒன்றே செற்றாக எழும்பி நின்றது. சேலத்தில் மொடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடத்திலோ இன்று அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. நூறு படங்களுக்குமேல் பிறந்த பிரசவ அறைக்கு வாசற்படியாவது மிஞ்சியதே! உள்ளே ஸ்டூடியோ இருந்தால் பராமரிப்பு, ஆள், அம்பு என்று எத்தனை சிரமம். வளைவென்றால் அதன்கீழ் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம். காணிக்கைப் படமெடுக்க அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு?

இனி, தாய்க்குலத்தின்பால் தாங்கள் வைத்திருக்கும் மரியாதை. இதைச் சொல்லச் சொல்ல நாக்குத் தழுதழுக்கிறது. ஆந்திராவில் விஜயலட்சுமியாகப் பிறந்து, 1980 இல் ‘வண்டிச்சக்கரம்’ வழியே சில்க் ஸ்மிதாவாகிய பெண், ஒரு பாட்டுக்கு ஆடினாலே படம் விலைபோகும் என்ற காலத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் ஆடினார். அவருடைய கால்ஷீற் கிடைத்த பிறகே விநியோகஸ்தர் முன்பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட காலம் அது. அவருடைய கண் நன்றாக நடிக்கும் என்பதைச் சிலர் கண்டார்கள். கமராவுக்கு மட்டும் கண்வரைக்கும் ஏறிவரப் பொழுது கிடைக்கவில்லை. தாமே தயாரிப்பாளராகி நட்டப்பட்டார். 1996 செப்டெம்பர் 23 ஆம் திகதி, 35 வயதில், சென்னை வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார்.

அன்னாருக்குத் தாங்கள் செலுத்திய அஞ்சலிகள் நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்யப்பட்டவை. அவருடைய வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட ‘த டேர்ட்டி பிக்சர்’ 2011 டிசெம்பர் 2 ஆம் திகதி வெளியாயிற்று. அது அவருடைய பிறந்தநாள். இறந்த பெண்ணின் பிறந்தநாளுக்கு, அவர் வாழ்வெல்லாம் கழற்ற முடியாமல் தவித்த அதே உடுப்பைப் பரிசளிக்க எத்தனை நுண்ணிய உள்ளம் வேண்டும்! படம் கோடிகளைக் குவித்தது. அவர் வேடத்தில் நடித்தவர் தேசிய விருது பெற்றார். 2023 செப்டெம்பர் 15 ஆம் திகதி வந்த ‘மார்க் ஆண்டனி’, பழைய தமிழ்ப்படங்களின் பரட்டைத் தலையையும் பெல்பொட்டத்தையும் கொண்டாடிக்கொண்டே, அவர் சாயலில் ஒரு பெண்ணை நிறுத்தி, செத்துப் போனவரைத் திரையில் மறுபடி நடமாட வைத்தது. எட்டு நாள் கழித்து அவருடைய நினைவுநாள் வந்தது. தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது.

உயிரோடு இருக்கும் நடிகை களைத்துப் போவாள். ‘இந்தக் காட்சி வேண்டாம், எனக்கும் ஒரு நல்ல வேடம் கொடுங்கள்’ என்று கேட்டுத் தொலைப்பாள். சம்பளப் பாக்கிக்குப் படியேறி வருவாள். இந்தத் தொல்லை ஒன்றும் இல்லாத நடிகையைக் கண்டுபிடித்தது தங்கள் காணிக்கைக் கலையின் உச்சம். அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்களுக்கு மரணம் ஒரு தடையாக இருந்தது. தாங்கள் அதையும் தாண்டிவிட்டீர்கள்.

தங்கள் வீரச் சிறப்பையும் சபை அறிய வேண்டும். மலிவுப் படங்களில் சண்டை ஆபத்தாக இருந்ததற்குக் காரணம் பாதுகாப்புக்குக் காசு இல்லாதது. காசு இருந்தும் ஆபத்தைக் கைவிடாத நெஞ்சுறுதி தங்களுடையது. கராத்தே, கத்திச்சண்டை, பழிவாங்கல் என்று அத்தனை மலிவுப் படங்களுக்கும் ஒருசேரப் பூச்சொரிந்த ‘கில் பில்’ படத்தில், காரைச் சண்டை நடிகர் ஓட்டட்டும் என்று கதாநாயகி ஊமா தேர்மன் தயங்கினார். தாமே ஓட்டும்படி வற்புறுத்தப்பட்டதையும், கார் மரத்தில் மோதிக் கழுத்தும் முழங்காலும் பழுதானதையும் 2018 இல் அவர் பத்திரிகைக்குச் சொன்னார். தமது வாழ்வின் பெரும் வருத்தங்களில் அது ஒன்று என்று இயக்குநர் டரண்டினோ பின்னாளில் கூறியது அவருடைய தன்னடக்கத்தைக் காட்டுகிறது.

அந்த ‘பிளானெற் ரெறர்’ நாயகியை மறக்க இயலுமா? பிணந்தின்னிகள் அவளுடைய ஒரு காலைப் பிய்த்துக்கொண்டு போகின்றன. முதலில் மேசைக்கால் ஒன்றைப் பொருத்திக்கொள்கிறாள். பிறகு அந்த இடத்தில் இயந்திரத் துப்பாக்கி ஒன்றை மாட்டிவிடுகிறான் காதலன். ஒற்றைக் காலில் சுழன்று சுழன்று சுடுகிறாள். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. எங்கள் யாழ்ப்பாணத்திலும் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஜெய்ப்பூர் செயற்கைக் கால் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. மிதிவெடியிலும் எறிகணையிலும் கால் போனவர்கள் அங்கே போய் அளவு கொடுப்பார்கள். தொடையின் மிச்சத்துக்குச் சாந்து கட்டி அச்செடுப்பார்கள். ரப்பர் பாதம் பூட்டிய கால் ஒன்று செய்து கொடுப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கலாம், குந்தியிருந்து மீன் வெட்டலாம், சைக்கிள் மிதிக்கலாம். மழை நாளில் அது உரசிப் புண்ணாகும். பிள்ளை வளர வளரக் காலைப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். இத்தனை வருட அனுபவம் இருந்தும், அந்தத் தொழிலாளருக்கு ஒரு துப்பாக்கியைப் பொருத்திப் பார்க்கும் கற்பனை தோன்றவில்லை. தங்கள் படத்தை அங்கே ஒருமுறை திரையிட்டுக் காட்டும்படி வேண்டுகிறோம். வாங்கில் வரிசையாக உட்கார்ந்து முறைக்குக் காத்திருக்கும் பெண்கள், தம் ஊனத்தில் இத்தனை கவர்ச்சி இருந்ததை இனியாவது அறிந்து கொள்ளட்டும்.

எல்லாச் சிறப்புக்கும் சிகரம் வைத்தாற்போன்றது தொலைந்த றீல். ‘பிளானெற் ரெறர்’ படத்தில் காதலர் இருவரும் கட்டிலில் கலக்கும் நேரம் பார்த்துப் படம் கருகி உருகி நிற்கிறது. ஒரு றீலைக் காணவில்லை, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று தியேட்டர் நிர்வாகத்தின் பெயரில் ஓர் அட்டை வருகிறது. மறுபடி படம் தொடங்கும்போது அந்த இடமே பற்றி எரிகிறது. இடையில் நடந்தது என்னவென்று எவருக்கும் தெரியாது. சபை சிரித்து உருண்டது. இல்லாத றீலை எடுக்காமலே தொலைத்து, தொலைத்ததற்கு மன்னிப்பும் கேட்ட இந்தப் பண்பாடு வேறு யாருக்கு வரும்?

பண்பாடு குறைந்த எங்கள் நாட்டில் றீல்களை முதலில் எடுத்தார்கள். 1962 இல் ‘சமுதாயம்’ தொடங்கி, ‘தோட்டக்காரி’, ‘குத்துவிளக்கு’, ‘பொன்மணி’ என்று இலங்கைத் தமிழர் கடன்பட்டும் நகை விற்றும் படம் எடுத்தார்கள். கடற்கரை மக்களின் வாழ்வைச் சொன்ன செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவலை 1978 இல் பிரேம்நாத் மொறாயஸ் படமாக்கினார். இந்தியப் படங்களோடு மோத வேண்டிய சின்னப் படங்கள் அவை. நடிப்பு சில இடங்களில் நாடக மேடையிலிருந்து இறங்கவில்லை. ஒலி சில இடங்களில் உதட்டோடு ஒட்டவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்து வெலிங்டனும் றீகலும் வின்சரும் ராணியும் மனோகராவும் வெளிச்சமாயிருந்த அந்தக் காலத்தில், எங்கள் பேச்சை எங்கள் ஊர் வாயால் திரையில் கேட்ட சனம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோவைக் கொளுத்தினார்கள். பல படங்களின் நெகட்டிவ்கள் சாம்பலாயின. இயக்குநர் கே. வெங்கட் அந்த ஜூலையில் கொல்லப்பட்டார். உண்மையான பிலிம் உண்மையாகவே எரிந்தால் கருகல் எந்த நிறத்தில் வரும் என்று ஒளிப்பதிவு செய்து வைக்க அங்கே தங்களைப் போன்ற ஒரு மேதையும் இல்லாமல் போனது எங்கள் துர்ப்பாக்கியம். வருந்துகிறோம் என்று அட்டை போடவும் ஒருவரும் இருக்கவில்லை.

படத்தோடு நின்றதா? யாழ்ப்பாணக் கோட்டை முற்றுகையை உடைக்கவென்று படையினர் தீவுகள் வழியே வந்த 1990 ஓகஸ்ட் மாதத்தில், மண்டைதீவிலும் பக்கத்து அல்லைப்பிட்டியிலும் மண்கும்பானிலும் இளைஞர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கொண்டு போனது வரைக்கும் தாய்மாருக்குத் தெரியும். அதற்கடுத்த றீல் இல்லை. கிணறுகளுக்குள் போட்டு மூடினார்கள் என்று ஊர் சொல்கிறது. அந்தக் கிணறுகளைத் தோண்டிப் பாருங்கள் என்று உறவுகள் இன்றைக்கும் கேட்கின்றன. காணாமற்போனோருக்கென்று அலுவலகம் ஒன்றே 2018 இல் கொழும்பில் இயங்கத் தொடங்கிவிட்டது. நடுவில் ஒரு துண்டு தொலைந்தால் அதைப் புதிர் என்று ரசிக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்ற நவீன சினிமா ரசனை இந்தத் தாய்மாருக்கு இவ்வளவு காலமாகியும் வாய்க்கவில்லை. பிள்ளையின் படம் போட்ட சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு, இடையில் என்ன நடந்தது என்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தங்கள் படங்களை அவர்கள் பார்க்கக் கிடைத்திருந்தால், கேள்வி கேட்பது எவ்வளவு நாகரிகக் குறைவு என்று எப்போதோ தெரிந்திருக்கும்.

ஆகையால் பெருந்தகையீர், தங்கள் அடுத்த காணிக்கைப் படத்துக்கு எங்கள் தீவுகளை ஒப்புக்கொடுக்கிறோம். கூரையில்லாத கல்வீடுகள் இருக்கின்றன. சுவரைப் பிளந்து ஆலும் அரசும் வேர்விட்டு நிற்கின்றன. சூட்டுத் துளைகள் அசல். கலை இயக்குநருக்குச் சம்பளம் கொடுக்கும் அவசியம் இல்லை. அலைகடல் தாண்டும் சிரமமும் தங்களுக்கு வேண்டாம், பண்ணைப் பாலத்தால் ஜெனரேட்டர் வண்டியே நேராக வந்துவிடும். மின்சாரம் இல்லாத காலத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினோடு ஜெனரேட்டர் பூட்டி, டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்த்த ஊர் இது. மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிய எரிய, ஒரு கதாநாயகன் தப்பிக்கிறானா என்று கடைசி வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த சனம். அந்தப் படங்களில் கீறல் இருந்தது, இரைச்சல் இருந்தது, பாதியில் ஒளி நின்றது. எவரும் அவற்றை ரசித்துப் பார்க்கவில்லை, அவற்றைத் தாண்டித்தான் படத்தைப் பார்த்தார்கள். அந்தப் பாமரரின் பிழையைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

வாழ்த்துமடல் என்றால் இறுதியில் ஒரு விண்ணப்பமும் இருக்கும். ஒரு படத்தில் தாங்கள் இடும் கீறல்களுள் ஒன்றே ஒன்றின் விலையை, எங்கள் படங்களில் எங்காவது தப்பிக் கிடக்கும் பிரதிகளைத் தேடி, வினிகர் நாற்றமெடுக்கும் பெட்டியைத் திறந்து, துடைத்து, பாதுகாத்து வைக்க ஒதுக்கும்படி கேட்க நினைத்தோம். பழைய மலிவுப் படங்களில் ஆடிய, விழுந்த, எரிந்த, பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத மனிதர்களில் மிச்சமிருப்போரின் வாசலில் அந்தப் பணத்தில் ஒரு மாதச் சாமான் இறக்கும்படியும் கேட்க நினைத்தோம். பிறகு யோசித்துப் பார்த்ததில் அது தங்கள் கலைக்குச் செய்யும் துரோகம் என்று விளங்கிற்று. அசல் பிரதிகள் துலக்கமாகக் கிடைத்துவிட்டால் தங்கள் நகலைப் பார்க்க யார் வருவார்கள்? அசல் மனிதர்கள் வயிறார உண்டு வாழ்ந்தால் தங்கள் அஞ்சலிக்கு யார் அழுவார்கள்? ஆகவே விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டு வாழ்த்தை மட்டும் மிச்சம் வைக்கிறோம்.

புண்ணை இத்தனை தத்ரூபமாக வரைய வல்லீர்! புண்பட்டவர் பக்கம் ஒருமுறையேனும் திரும்பித் தங்கள் பொன்னான நேரத்தை வீணாக்காமல், எரிந்த நெகட்டிவ்களின் சாம்பலைத் திருநீறாகப் பூசி, தொலைந்த றீல்களுக்கு வசூல் கண்டு, இறந்தோரைக் கால்ஷீற் இல்லாமல் ஆட்டுவித்து, பல கோடி செலவில் பல்லாண்டு நீடூழி வாழ்க!

இங்ஙனம்,
தங்கள் சீர்த்தியை மறக்க வழியில்லாத
மண்டைதீவு மக்கள் சார்பில்.